கச்சேரிக்கு வந்த கை

தரும உதவி வாங்கும் அங்கவீனர்களை இனிமேல் கச்சேரி விறாந்தையில் வைத்துப் பார்ப்பதில்லையாம். ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் பார்த்துச் சீட்டுக் கொடுத்துவிடுவாராம். கண்டி அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இப்போது துபாசியாக இருப்பவர் போன கிழமை வீடு தேடி வந்து இதைச் சொன்னார். "ஒங்க காலத்துல பார்வை நாள எப்புடி நடத்துனீங்கன்னு ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்கய்யா, பழைய கட்டோட வச்சுருவோம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்குள் முடிக்கச் சொல்வது என்னைப் போன்ற வாயாடிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்குவது மாதிரி. அந்தப் பக்கத்தில் நிற்காமல் வழிந்ததுதான் இது.

நான் பள்ளிக்கூடம் போனவன் அல்லன். அப்பா கண்டிக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். கப்பலில் வரும் துணிப் பொதிகளின் மேல் அச்சடித்திருப்பதை வைத்துத்தான் இங்கிலீஷ் படித்தேன். அதனால் எனக்கு முதன்முதலில் சரளமாக வந்த இங்கிலீஷ் வாக்கியம் "ஈரம் படாமல் வைக்கவும்" என்பது. சிங்களம் கடைக்கு வந்தவர்கள் கொடுத்தது. கச்சேரியில் பியூன் வேலை கேட்டுப் போன அன்று பேய்மழை. எனக்கு என்ன தெரியும் என்று கச்சேரியின் வெள்ளைக்காரத் துரை கேட்டார். தெரிந்த வாக்கியத்தைச் சொன்னேன். துரை சிரித்து, அன்றே சேர்த்துக்கொண்டார். நாலு வருஷம் கதவு திறந்தேன். ஒருநாள் துபாசிக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு நாளைக்கு மட்டும் அவர் இடத்தில் நிற்கச் சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே நின்றேன். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள இவ்வளவுதான்.

துபாசி வேலை என்னவென்றால், வந்தவர் சொல்வதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்லவேண்டும். துரை சொல்வதை வந்தவருக்கு அவர் பாஷையில் சொல்லவேண்டும். நடுவில் நம்முடையது எதுவும் சேரக்கூடாது. இது எனக்குக் கடைசிவரை வரவில்லை. சனங்களின் பேச்சு அவ்வளவு ருசி. தோட்டத்திலிருந்து வந்த ஒரு கிழவியிடம், எப்படி வாழ்கிறாய் என்று துரை கேட்கச் சொன்னார். "நான் எங்கங்க வாழுறேன், பொழுது என்னய இழுத்துக்கிட்டுப் போகுது" என்றாள். அதை எப்படி இங்கிலீஷாக்குவது என்று நான் யோசித்துக்கொண்டே நின்றதில், துரை என்னைச் செவிடன் என்று நினைத்து உரத்துக் கேட்டார்.

தரும உதவி என்பது, உழைக்க உடம்பும் இல்லாமல் பார்க்க ஆளும் இல்லாமல் இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கம் கொடுத்த சிறு தொகை. கச்சேரிக் காகிதங்களில் அதற்கு நீண்ட பெயர் இருந்தது. சனங்கள் வைத்த பெயர் "உக்காந்த சம்பளம்." ஆனால் அதை வாங்க யாரையும் உட்கார விட்டதில்லை. காசு கொடுக்கும் நாளில் அத்தனை பேரும் நேரில் வரவேண்டும். குருடர் இன்னும் குருடர்தானா, முடவர் இன்னும் முடவர்தானா என்று துரை தம் கண்ணால் பார்த்துத் திருப்திப்பட வேண்டும். அதனால் அதற்குப் பார்வை நாள் என்று பெயர்.

இதை நடத்தியவர் எங்கள் தலைமை எழுத்தர். பறங்கி இனத்தவர். விறாந்தைச் சனங்கள் அவரை மைக்கூட்டு ஐயா என்பார்கள். அவருடைய பித்தளை மைக்கூட்டை யாரும் நகர்த்தாதபடி மேசைக்காலோடு நூல் கட்டி வைத்திருந்தார். காலையில் வந்ததும் பேனா முனையை ஒரு கம்பளித் துண்டில் மூன்று தரம் துடைப்பார். ரெண்டு தரமும் இல்லை, நாலு தரமும் இல்லை. பிறகு பதிவுப் புத்தகத்தைத் திறந்தால் சாயங்காலம்வரை தலையை நிமிர்த்தமாட்டார். ஆளைப் பார்ப்பது துரையின் வேலை, காகிதத்தைப் பார்ப்பது தம் வேலை என்பது அவர் கொள்கை. எவராவது மேசைக்கு முன்னால் நின்று அழுதால், கண்ணீர் பக்கத்தில் விழாதபடி ஒற்றுத்தாளைக் கொஞ்சம் முன்னே நகர்த்துவார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இல்லை என்ற வார்த்தையையும் சொல்லமாட்டார். "சட்டம் என்ன சொல்கிறது, பார்ப்போம்" என்று அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுப்பார். அதில் இருப்பது முழுக்க அவருக்கு மனப்பாடம். ஆனாலும் எடுத்து, பக்கத்தைத் தேடி, விரலை வைத்து வாசிப்பார்.

குருடர்களைச் சோதிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். வாசலுக்கும் துரையின் மேசைக்கும் நடுவில் ஆள் உட்கார்கிற கதிரை ஒன்றைப் போடுவார். வருகிறவர் அதில் முட்டினால் குருடர். அலவத்துகொடையிலிருந்து சேகு நாநா என்று ஒருவர் வருவார். அம்மையில் இரண்டு கண்ணும் போனவர். மூன்று பார்வை நாள் ஒழுங்காக முட்டினார். நாலாம் தரம் கதிரைக்கு இரண்டு அடி முன்னால் நின்று, வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கி, அழகாகச் சுற்றிக்கொண்டு போய்த் துரைக்கு முன்னால் நின்றார். "கண் தெரிகிறது" என்றார் துரை. அந்தத் தடவைக் காசு நின்றது.

"மவன், ஒரே எடத்துல மூணு வாட்டி முட்டின கதிர. நாலாம் வாட்டியும் போய் முட்ட எனக்குக் கண்ணுதானே இல்ல, மூள இரிக்கே" என்றார் நாநா. அப்படியே மொழிபெயர்த்தேன். மைக்கூட்டு ஐயா தலை நிமிராமல், "பதிவில் கண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, மூளைக்குக் கட்டம் இல்லை" என்றார்.

அடுத்த பார்வை நாளில் நாநா வாசலிலிருந்தே வேகம் எடுத்து வந்து, கதிரையோடு சேர்ந்து விழுந்தார். எழுந்து உட்கார்ந்து, கதிரையின் முதுகைத் தடவி, "மாப்புச் செய்ங்க தொர, நீங்க இரிக்கிறது தெரியல்ல" என்றார். துரைக்குப் பரம திருப்தி. காசு மறுபடி வந்தது.

இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தேன். பிறகுதான் மாயழகு வந்தார்.

கலஹாப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்து ஆள். நல்ல உயரம், முப்பது வயது இருக்கும். தோளில் கம்பளி. கம்பளிக்குக் கீழே இரண்டு கையும் முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிட்டன. கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற யந்திரத்தில் முதலில் இடக்கை மாட்டியது. அதை இழுக்கப் போன வலக்கையும் மாட்டியது. கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் துரை இரண்டையும் எடுத்து உயிரைக் காப்பாற்றினார். கூட வந்தவள் அவர் மனைவி பேச்சி. சிறுகூடான உடம்பு, பெரிய குரல்.

தோட்டத்துத் துரை சொல்லியிருந்தது இது: வேலை செய்கிறவர்களுக்குத்தான் தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் அறை. கையில்லாதவருக்கு அரசாங்கம் தரும உதவி கொடுத்தால் மனைவியோடு இருக்கட்டும். கொடுக்காவிட்டால், கோப்பி பறித்து முடிந்ததும் கடல் தாண்டி ஊர் திரும்பும் கூட்டத்தோடு வடக்கு வீதியால் கரைக்குப் போய்விட வேண்டும். அது நாள்கணக்கில் காட்டுக்குள் நடக்கிற பாதை. பேச்சியையோ கங்காணி அடுத்த பறிப்பு முடியும்வரை விடமாட்டார்.

"நடக்க இவருக்குக் காலு இருக்குங்க சாமி" என்றாள் பேச்சி. "வழியில சோத்த யாரு ஊட்டுவா?"

இதை மட்டும் நான் ஒரு சொல்கூடச் சேர்க்காமல், விடாமல், இங்கிலீஷில் சொன்னேன். துரை கம்பளியை விலக்கிப் பார்த்தார். கதிரை, சோதனை ஒன்றும் இல்லை. அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. கச்சேரியில் அவ்வளவு வேகமாக எதுவும் நடந்து நான் கண்டதில்லை.

அடுத்தது மைக்கூட்டு ஐயாவின் மேசை. அங்கே நடைமுறை இப்படி. எழுதத் தெரியாதவர்கள் பேனாவைத் தொடவேண்டும். ஐயா பேனாவை மையில் தோய்த்து, முனை தம் பக்கமும் வால் எதிர்ப்பக்கமுமாக மேசைக்கு மேலே நீட்டுவார். வந்தவர் வலக்கைச் சுட்டுவிரலால் வாலைத் தொடுவார். ஐயா பேனாவை இழுத்து, அவர் பெயருக்கு நேரே ஒரு சிலுவைக் கோடு போடுவார். தொட்டதைப் பார்த்ததாக இரண்டு சாட்சி கையெழுத்து. ஒன்று நான். இன்னொன்று பதிவு எழுத்தர் கந்தையா, யாழ்ப்பாணத்தவர். அதற்குப் பிறகே காசு.

ஐயா தலை நிமிராமல் பேனாவை நீட்டினார். பேனாவின் வால் மாயழகுவின் கம்பளிக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் ஐயா பேனாவை இழுத்துக் கோட்டைப் போட்டிருப்பார். தொட்டார்களா இல்லையா என்று அவர் என்றைக்குப் பார்த்தார்? அப்போது இந்த வாய், என் வாய், திறந்தது.

"ஐயா, தொடுவதற்கு இவருக்குக் கை இல்லை."

ஐயா பேனாவை மைக்கூட்டில் வைத்தார். சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைத் தேடி, விரலை வைத்து வாசித்தார். "பெறுபவர் தம் கை விரலால் பேனாவைத் தொடுதல் வேண்டும்." புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னார்: "தொகை உத்தரவாகிவிட்டது. அதை யாரும் மறுக்க முடியாது. கொடுக்கத்தான் முடியாது."

கந்தையா என் காதில், "நீர் வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால் அந்தாள் இப்ப காசோடை போயிருக்கும்" என்றார். இன்றைக்கும் குளிக்கும்போது அந்த வாக்கியம் ஞாபகம் வந்தால் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன்.

மனைவியை வாங்கிக்கொள்ளச் சொல்லி அதிகாரம் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். எழுதலாம் என்றார் ஐயா. ஆனால் அதிகாரம் கொடுப்பவர் அந்தக் காகிதத்துக்கும் பேனா தொடவேண்டும்.

"கால் விரலாலை தொடட்டுமே" என்றார் கந்தையா.

நான் மாயழகுவிடம் சொன்னேன். அவர் பாம்பை மிதித்தவர்போலப் பின்னுக்குப் போனார். "பேனாவக் காலால தொட மாட்டேன் சாமி. எழுத்துங்க அது. சின்னதுல ஒரு ஏட்டு மேல தெரியாமக் கால் பட்டுச்சு, எங்கப்பன் வெளக்குமாத்தால சாத்திப்புட்டாரு."

இதை இங்கிலீஷில் சொன்னதும் மைக்கூட்டு ஐயாவின் தலை, பக்கத்தை விட்டு எழாமலே, மெதுவாக ஆடியது. "ஒழுக்கமான மனிதர். அது அரசாங்கத்தின் பேனா. காலால் தொட நானும் விடமாட்டேன்." மாயழகுவுக்கும் அதைச் சொன்னேன். அவரும் மரியாதையாகத் தலையை ஆட்டினார். இரண்டு பேருக்கும் நடுவில் அப்படி ஒரு ஒற்றுமை.

"ரெண்டு ஆம்பளையும் நல்லா ஒத்துப் போயிட்டாங்க" என்றாள் பேச்சி. "சோத்துக்குத்தான் வழியில்ல."

தொடர்ந்து மூன்று தடவை வாங்காவிட்டால் பெயர் தானாக அடிபட்டுப் போகும். முதல் தடவை இப்படிப் போயிற்று. அவர்களைப் பேராதனைப் பாலம்வரை கொண்டுபோய் விட்டேன். நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். பேச்சி ஒரு இடத்தில் நின்று, "துபாசி ஐயா, நீங்க பேசுறது நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சும்மா வாங்களேன்" என்றாள்.

அந்த மூன்று மாதமும் துரை சும்மா இருக்கவில்லை. இந்த ஆளிடம் ஒரு விரலாவது, விரலின் துண்டாவது மிஞ்சியிருக்கிறதா என்று டாக்டர் துரைக்கு எழுதினார். கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்து போகிற தூரம். பதில் வர நாலு மாதம். அதற்குள் இரண்டாம் பார்வை நாளும் போய்விட்டது, வெறுங்கையோடுகூட அல்ல. வந்த பதிலை நான்தான் மேசைக்குக் கொண்டுபோனேன். ஆளிடம் விரல் எதுவும் இல்லை என்று டாக்டர் உறுதிப்படுத்தியிருந்தார். கீழே இன்னொரு வரி. இடக்கை சிதைந்துவிட்டது, வலக்கை ஐந்து விரல்களோடும் என் அறையில், சாராயச் சத்து ஊற்றிய கண்ணாடிச் சாடியில், நல்ல நிலையில் இருக்கிறது.

மைக்கூட்டு ஐயா அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். சட்டப் புத்தகத்தை எடுத்து அதையும் வாசித்தார். அவர் முகத்தில் சந்தோஷம் என்று ஒன்றை அன்றைக்குத்தான் கண்டேன்.

"அப்படியானால் கை இருக்கிறது. ஆளோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை."

மூன்றாம் பார்வை நாள். ஆஸ்பத்திரி ஆள் ஒருவன் துணி போட்டு மூடிய சாடியைச் சுமந்துகொண்டு ஏரிக்கரையால் வந்தான். மேசையில் வைத்துத் துணியை எடுத்தான். விரல்கள் கொஞ்சம் மடங்கி, எதையோ வாங்கக் காத்திருப்பதுபோல ஒரு கை. புறங்கையில் பச்சை குத்திய ஒரு தேள்.

பேச்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "நம்ம தேளு" என்று மட்டும் சொன்னாள். மாயழகு வெகுநேரம் குனிந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் என்ன சொல்லப்போகிறாரோ என்று நின்றோம்.

"வெளுத்துப் போச்சு" என்றார். "தொரைமாரு கையாட்டம் ஆயிருச்சு."

சாடியைத் திறந்ததும் அறை முழுக்கச் சாராயக் கடை வாசம். கந்தையா மூக்கைப் பொத்திக்கொண்டார். ஐயா தலை நிமிராமல் பேனாவை நீட்டினார். நான் அதன் வாலைச் சாடிக்குள் வழிநடத்தினேன். சுட்டுவிரலில் பட்டது. ஐயா இழுத்து, ஒரு துணியில் துடைத்து, கோட்டைப் போட்டார். நாங்கள் கையெழுத்திட்டோம். காசு கிடைத்தது. மாயழகு லயத்தில் இருந்தார்.

இப்படி எத்தனையோ பார்வை நாள். வாசல் பியூனின் வரவுப் புத்தகத்தில் ஒவ்வொரு தடவையும் "ஆஸ்பத்திரியிலிருந்து கை, ஒன்று, வந்தது" என்று ஏறும். திரும்பிப் போகும்போது "போனது" என்று ஏறும். விறாந்தையில் மாயழகுவைக் கண்டால் எல்லோரும் கேட்பது, "கை வந்துருச்சா?" சேகு நாநா சொல்வார்: "நான் முழு ஆளா வந்து முட்டி விழணும். இவருக்குக் கை மட்டும் வந்தாப் போதும். குடுத்து வச்ச மனிசன்."

ஒருமுறை மழையில் பாதை உடைந்து, ஆள் வரவில்லை, கை வந்துவிட்டது. ஐயா புத்தகத்தைப் பார்த்தார். துரை ஆளை ஏற்கெனவே பார்த்துத் திருப்திப்பட்டவர், விரல் வந்திருக்கிறது, தொடலாம். தொட்டாயிற்று. தொட்டவரிடம் காசைக் கொடுக்க வேண்டும். ஐயா காசை எடுத்துச் சாடியின் மூடிமேல் வைத்தார். மத்தியானம்வரை அது அங்கேயே இருந்தது. பூனைகூட அந்தப் பக்கம் போகவில்லை. பிற்பகல் இருவரும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். பேச்சி மூடியிலிருந்து காசை எடுத்தாள். மாயழகு சாடியைப் பார்த்து, "எனக்கு முந்தி வந்து வாங்கி வச்சிருக்கு. கெட்டிக்காரக் கை" என்றார்.

பேச்சிக்கு அது பிடிக்கவில்லை. வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஐயா, ஊறுகா மாதிரி வச்சிருக்காங்க. தாலி கட்டுன கை அது. கேட்டு வாங்கிக் குடுங்க, மண்ணுக்குள்ள வச்சிர்றேன்."

"சும்மா இருடி" என்றார் மாயழகு. "ஒட்டியிருந்தப்ப மழையில வெயில்ல ஒழைச்சும் அது இப்புடிச் சம்பாதிச்சதில்ல. இப்ப அது கச்சேரி உத்தியோகம். நான்தான் அதுக்கு வீட்டுல இருந்து சாப்புடுற ஆளு."

"உத்தியோகத்துக்கு விடுப்பு உண்டா இல்லையா?"

"செத்தாத்தான் விடுப்பு."

"அதுதான் செத்துப் போச்சே."

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் டாக்டர் துரைக்கு ஊர் திரும்ப உத்தரவு வந்தது. சாடிகளையெல்லாம் வைக்கோலில் பொதிந்து பெட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தார். கை அவருடைய சேகரிப்பு, அவரோடு கப்பலேறும். வருகிற பார்வை நாளுக்கு மட்டும் கடைசியாக ஒருமுறை அனுப்பச் சம்மதித்தார். அதன்பின் மூன்று தடவை, பிறகு பெயர் அடிபடும், பிறகு வடக்கு வீதி. அந்தக் கடைசிப் பார்வை நாள் காலை விறாந்தைப் படியில் வைத்து இருவரிடமும் இதைச் சொன்னேன். பேச்சி, "கப்பல்ல எங்க கொண்டு போவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி ஆள் வாசல் கேற்றுக்குள் நுழைவது தெரிந்தது. வாசல் பியூன் ஆளைத் தூரத்தில் கண்டவுடனே எழுதிவிடுகிற பழக்கம் உள்ளவர்; வரவுப் புத்தகத்தில் "வந்தது" என்று எழுதினார். ஆள் படியேறினான். மூன்றாம் படியில் பாசி. கால் வழுக்கியது. சாடி கல்லில் விழுந்து நொறுங்கியது.

சாராயச் சத்து படியால் வழிந்தது. கை மூன்றாம் படியில் மழையில் கிடந்தது. விறாந்தையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். சேகு நாநா மட்டும், "என்ன வாசம், யாரு போத்தல ஒடச்ச?" என்று கேட்டார்.

பேச்சி இறங்கிப் போனாள். குனிந்து கையை எடுத்தாள். ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகளைத் தட்டிவிட்டாள். சாப்பிட்டு முடித்த பிள்ளையின் கையைத் துடைப்பதுபோல முந்தானையால் விரல் விரலாகத் துடைத்தாள். முந்தானைக்குள் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு கேற்றை நோக்கி நடந்தாள்.

"ஏ பேச்சி" என்று மாயழகு கூப்பிட்டார். "பேனாவ இன்னும் தொடலடி."

அவள் நிற்கவில்லை.

அதே நேரத்தில் உள்ளேயிருந்து மாயழகுவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவரும் நானும் போனோம். துரை தம் அறையில். கந்தையா மேசைப்பக்கம் நின்றார். அவருக்குச் சாளரத்தால் எல்லாம் தெரிந்திருந்தது. மைக்கூட்டு ஐயா பதிவுப் புத்தகத்தில் பெயரைக் கண்டுபிடித்து, பேனாவைத் தோய்த்தார்.

"கை வந்ததா?"

மாயழகு என்னைப் பார்த்தார். வாழ்நாளில் நான் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்து வைத்தால் கண்டியிலிருந்து கொழும்புவரை கோப்பி வண்டிகளில் ஏற்றலாம். அன்று என்னிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை.

"வந்தது ஐயா."

ஐயா பேனாவை நீட்டினார். அது மேசைக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது. அறையெல்லாம் சாராய வாசம். மேசையில் சாடி இல்லை. தலை நிமிராத மனிதருக்கும் மேசை தெரியுமல்லவா? பேனா நின்ற நேரத்தை என்னால் சொல்லமுடியாது. மாயழகுவின் கம்பளியிலிருந்து மழைநீர் பலகையில் சொட்டுவது கேட்டது. பிறகு ஐயா பேனாவை இழுத்துக்கொண்டார்.

"சாட்சி நீர்தானே?"

"ஆம் ஐயா."

"நீர் பார்த்தீர்."

"பார்த்தேன் ஐயா."

கோட்டைப் போட்டார். நான் கையெழுத்திட்டேன். கந்தையா பேனாவை வாங்கும்போது, "ஓம், நானும் கண்டனான்" என்றார், யாரும் கேட்காமலே.

நாலைந்து நாளில் டாக்டர் துரையின் கடிதம் வந்தது. சாடி உடைந்தது போகட்டும், கையை உடனே திருப்பி அனுப்பவும் என்று. கடிதத்தை மேசையில் வைத்தேன். என் வேலையும் போகும், அவருடைய சோறும் போகும் என்று நினைத்தேன். ஐயா வரவுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். விரலை வைத்துப் பார்த்தார்.

"வந்தது என்று இருக்கிறது. போனது என்று எங்கும் இல்லை. ஆகவே கச்சேரியில்தான் இருக்கிறது."

அப்படியே பதில் எழுதினார். திருப்பிப் பெறுவதானால் முறைப்படி விண்ணப்பம் வேண்டும், கிடைத்தபின் தேடுதல் ஆரம்பிக்கப்படும் என்றும் சேர்த்தார். விண்ணப்பம் வந்தது. அதில் ஒரு பத்தி குறைகிறது என்று திரும்பிப் போனது. டாக்டர் துரையின் கப்பல் காத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு கை வருவது பற்றிய பேச்சே இல்லை. ஏற்கெனவே வந்திருப்பது மறுபடி எப்படி வரும்? ஒவ்வொரு பார்வை நாளும் மாயழகு வந்து நிற்பார். ஐயா பேனாவைத் தோய்த்து, அறை மூலையில் பழைய கட்டுகள் வைக்கும் அலுமாரியின் பக்கம் ஒருமுறை நீட்டுவார். இழுத்துக் கோட்டைப் போடுவார். நானும் கந்தையாவும் அலுமாரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவோம். துரைமார் மாறினார்கள். புதிதாக வந்த ஒருவர், அலுமாரியில் என்ன என்று கேட்டார். "தரும உதவி பெறும் ஒருவரின் கை" என்றார் ஐயா. புதிய துரை மேற்கொண்டு கேட்கவில்லை.

ஐயா ஓய்வு பெற்ற அன்று எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நூலை அவிழ்த்து மைக்கூட்டை எடுத்துக்கொண்டிருந்தவரிடம், "ஐயா, அந்த அலுமாரி..." என்று தொடங்கினேன்.

"அதை நான் திறந்து பார்த்ததில்லை" என்றார். "திறந்து பார்க்கச் சொல்லிச் சட்டத்தில் இல்லை."

கோப்பிச் செடிக்கு நோய் கண்டு இலையில் மஞ்சள் பொடி விழத் தொடங்கிய வருஷம், ஒரு வேலையாகக் கலஹாப் பக்கம் போனேன். அப்போதும் அவர்கள் அதே லயத்தில், அதே அறையில். சாப்பிடும் நேரம். என்னை விடவில்லை, எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். பேச்சி மாயழகுவுக்கு முன்னால் குந்தி, சோற்றைப் பிசைந்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"கைய எங்க வச்சான்னு இன்னும் எங்கிட்டச் சொல்ல மாட்டேங்கிறா" என்று மாயழகு என்னிடம் புகார் சொன்னார். "எங் கை, எனக்கே தெரியாது."

"சொன்னாத் தோண்டி எடுத்துக்கிட்டுக் கச்சேரிக்குப் போயிருவீங்க."

"எதால தோண்டுவேன்டி?"

"துபாசி ஐயாவக் கூட்டியாந்து தோண்டுவீங்க. அவரு மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

மாயழகு என் பக்கம் திரும்பி, இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பேச்சி அதற்குள் ஒரு உருண்டையை வைத்துவிட்டாள்.